இரண்டாவது கையெழுத்து யாருடையது?

குருவிகுளம் ஒன்றியத்தில் இருக்கிறது நக்கலமுத்தன்பட்டி. இன்றைக்கு அது தென்காசி மாவட்டம். 2006-இல் நெல்லை மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஜக்கையன் அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்வானார். நவம்பர் மாதம் முடிவதற்குள் கொலை செய்யப்பட்டார். தலைவர் பதவி பெயருக்கு அவரிடம் இருக்கட்டும், நிர்வாகம் எங்கள் கையில் இருக்கட்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் இணங்கவில்லை. அப்போது வெளியான செய்திகள் சொன்ன காரணம் இதுதான்.

நெல்லையை அடுத்த தாழையூத்தில் கிருஷ்ணவேணி என்ற பெண் தலைவராக இருந்தார். அவரும் அருந்ததியர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முயன்றதில் பகை வந்தது. மிரட்டல் பற்றி முன்பே காவல்துறையிடம் புகார் கொடுத்திருந்தார். 2011 ஜூன் 13 அன்று இரவு ஆட்டோவில் வீடு திரும்பும்போது வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார். வழக்கு பத்தாண்டுக்கும் மேல் நீண்டது.

மதுரை மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் கொல்லப்பட்டது எல்லாருக்கும் தெரியும். தாழையூத்தும் நக்கலமுத்தன்பட்டியும் நம் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறோம்.

இந்தக் கொலைகளைச் சாதி வெறி என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். வெறிதான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு நோட்டும் இருக்கிறது. தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், குடிநீர்க் குழாய், பிளீச்சிங் பவுடர் என்று ஊராட்சியில் பணம் சின்னச் சின்னத் தொகையாகப் போய்க்கொண்டே இருக்கும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்று ஒருவர் கேட்க ஆரம்பித்தால், காலனிக்கு இத்தனை ஆண்டாக என்ன வந்தது என்ற கேள்வியும் சேர்ந்து எழும். கணக்கைத் திறந்து வைப்பேன் என்று ஓட்டுக் கேட்கிற தலித் வேட்பாளர், ஊரின் பழைய ஏற்பாடு ஒன்றையே கலைக்கப் போகிறார்.

இங்கே சட்டத்தில் ஒரு இடத்தை நாம் கவனிக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் திருடாமல் மற்றவர் பார்த்துக்கொள்ள வந்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனி ஊராட்சிகளில் நடப்பது வேறு. தலைவர் பதவிக்குத்தான் பட்டியல் சாதி ஒதுக்கீடு. துணைத் தலைவருக்கு அது கிடையாது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீட்டில் தலைவர் நாற்காலியை இழந்தவர்கள் துணைத் தலைவர் வழியாக இரண்டாவது கையெழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நிற்கும், குழாயில் தண்ணீர் நிற்கும். “பிரசிடெண்ட் வேலை செய்யலை” என்ற பேச்சு மட்டும் நிற்காது. இணையவழிப் பட்டுவாடா வந்த பிறகும் இருவர் ஒப்புதல் என்பது தொடர்கிறது.

இதற்கு இப்போது சட்டத்தில் பதில் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினரை வேட்புமனு போடவிடாமல் தடுப்பதும், போட்டதைத் திரும்பப் பெற மிரட்டுவதும் குற்றம். தேர்வான தலைவரையோ மெம்பரையோ அவர்களின் பணியைச் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். மூன்றாவது பிரிவில் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதில் புகார் கொடுக்கலாம் என்பது எத்தனை தலைவர்களுக்குத் தெரியும்? 2022 சுதந்திர தினத்துக்கு முன், தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்ற வேண்டும் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கே இந்த நிலை என்றால் கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைப் படிவம் 30-இல் அங்கே வைக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும் நாட்களாகப் பார்த்து இதில் பாதி வருகிறது. மத்திய அரசின் ஈ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டால் திட்டமும் பட்டுவாடாவும் செல்போனிலேயே தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் சபையில் எழுந்து கேளுங்கள். தலித் தலைவர் இருக்கும் ஊரிலும் கேளுங்கள். அவர் மீது புகார் எழுதக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். சபையில் படித்துக் காட்டிய கணக்கும் ரசீதும்தான் அன்றைக்கு அவருக்குக் கைகொடுக்கும்.

குற்றாலம் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. குற்றாலம் பேரூராட்சி, தென்காசி நகராட்சி. இங்கெல்லாம் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022 பிப்ரவரி 19-இல் கவுன்சிலர்களுக்கு ஓட்டுப் போட்டோம். தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். பேரம் நடக்க இடம் கூடுதல் என்பது நம் கருத்து. சாரல் விழுந்துவிட்டால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கூட்டம். வாகன நிறுத்தம், கடை ஏலம் என்று பணம் வரும் காலமும் அதுதான். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லைக்குள் இருப்பதால் அங்கே கேள்வியை அந்தக் கிராம சபையில் கேட்க வேண்டும். கூட்டம் விட்டுப்போகும் குப்பையை விடியற்காலையில் அள்ளுகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏலம் எவ்வளவுக்குப் போனது, அதில் அவர்கள் கூலிக்கும் கையுறைக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பகுதி சபையில் கேட்கலாம். நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. கிராம சபை அளவுக்கு மக்களிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

தென்காசி மாவட்டத்தின் பத்து ஒன்றியங்களிலும் 2021 அக்டோபரில் தேர்வானவர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை. தேர்தல் பேச்சு வந்தால் நம் தெருக்களில் தலைவர் பதவியைப் பற்றியே பேசுகிறோம். தனி ஊராட்சி என்றால் நம்மிலேயே நாலு பேர் மோதுகிறோம். வார்டுகளை விட்டுவிடுகிறோம். துணைத் தலைவர் யார் என்பதும், இரண்டாவது கையெழுத்து யாருடையது என்பதும் அந்த வார்டுகளில்தான் முடிவாகிறது. பொது வார்டிலும் நாம் நிற்கலாம், தடையில்லை. வயது 21 ஆகியிருந்தால் போதும். 2021 தேர்தலில் ஊராட்சி வார்டுக்கு டெபாசிட் 200 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு 100.