நாய் ஏன் நக்குகிறது?

"நாய் நன்றியுள்ள பிராணி. அது வாலை ஆட்டும்." தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இந்த இரண்டு வாக்கியங்களை எழுதாமல் ஆறாம் ஆண்டைத் தாண்டியவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால், அது நக்கும் என்று நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துக்கொள்கிறேன்.

குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் என் தாத்தா. ஈராண்டுகளுக்கு முன் அவர் கால்விரலில் ஒரு புண் வந்தது. மாலையில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தால், வளர்ப்பு நாய் கறுப்பன் வந்து அதை நக்கும். நான் விரட்டினால், "விடும்மா, நாய் நக்குனா புண்ணு ஆறிடும்" என்பார். தாத்தாவுக்கு இனிப்பு நீர் உண்டு. சில வாரங்களில் அந்த விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. கறுப்பன்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. இனிப்பு நீர் ஒன்றே அதற்குப் போதும். ஆனாலும், தாத்தா சொன்னது உண்மையா என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நக்குதல் நாய்க்குப் பிறந்த கணமே தொடங்குகிறது. ஈன்றவுடன் தாய் குட்டியை நக்கித் துடைத்து மூச்சுவிட வைக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரங்கள் தாய் வயிற்றடியை நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறும். சற்று வளர்ந்ததும் குட்டியின் முறை வருகிறது. ஓநாய்க் குட்டிகள், வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயை நக்கும். அவை உண்டதைக் கக்கிக் கொடுக்கும். நாம் வீடு திரும்பியதும் நாய் தாவி வந்து முகத்தை நக்குவது அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்கிறார்கள். நாம் முத்தம் என்று மகிழ்கிறோம். அதன் மூதாதையருக்கோ அது 'சாப்பாடு எங்கே?' என்ற கேள்வி!

வேறு காரணங்களும் உண்டு. நம் வியர்வையின் உப்பு அதற்குச் சுவை. நாம் சிரித்துத் தடவிக்கொடுத்தால் அது மீண்டும் நக்கும். தன்னைத்தானே நக்குவது பெரும்பாலும் சுத்தத்திற்காக. ஆனால், ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினால் உண்ணி, ஒவ்வாமை, வலி, சலிப்பு என்று ஏதோ ஒன்று இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

சரி, தாத்தாவின் கூற்று? பாதி உண்மை. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாயின் உமிழ்நீர் ஈ.கோலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் ஆகிய கிருமிகளைக் கொல்வது தெரியவந்தது. இரண்டும் பச்சிளம் குட்டிகளைத் தாக்குபவை. ஆனால், நம் புண்களில் அடிக்கடி காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமியை அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. போதாததற்கு, நாயின் வாயில் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி சாதாரணமாகவே வாழ்கிறது. அதனால் நாய்க்குத் தொல்லையில்லை. மண்ணீரல் அகற்றப்பட்டவர், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் ஆகியோரின் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இனிப்பு நீர் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெறிநாய் நோயும் உமிழ்நீரில்தான் பரவுகிறது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் உயிர்களைப் பறித்தது. கடித்தால்தான் ஆபத்து என்று எண்ணியிருந்தேன். காயம்பட்ட தோலை அந்நோயுள்ள நாய் நக்கினாலும் கடிக்கு ஈடான ஆபத்தாகவே உலகச் சுகாதார நிறுவனம் கருதுகிறது. உடனே 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி, தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில் என் மலாய்த் தோழி ஒருநாள் கறுப்பனின் எச்சில் பட்ட என் புத்தகப்பையிலிருந்து விலகி உட்கார்ந்தாள். எனக்கு வருத்தம்தான். நாயின் ஈர எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்ற தன் சமயமுறையை அவள் பொறுமையாக விளக்கினாள். மறுநாள் வேறு பை கொண்டுபோனேன். பழையபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கறுப்பன் இன்றும் மாலையில் தாத்தாவிடம் வருகிறது. காலுறை போட்டுக்கொண்டு, புறங்கையை மட்டும் நீட்டுகிறார். அது நக்கி முடிப்பதற்குள் பாட்டி சவர்க்காரத்தைக் குழாயடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்.