தோளில் ஏறும் இகுவானா: உள்ளே என்ன நடக்கிறது?

கொண்டாப்பூர் அடுக்ககம் ஒன்றில் பச்சை இகுவானா வளர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து ஏசியைப் போட்டுச் சோபாவில் சாய்கிறீர்கள். அது மெல்ல வந்து தோளில் ஏறிப் படுத்து, கண்ணை மூடுகிறது. பாசமா? அதன் உடம்பை ஒரு சமையலறையாக நினைத்து உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் அடுப்பு. நமக்கு உடம்புக்குள்ளேயே அடுப்பு எரிகிறது. சுமார் 37 டிகிரி, அது பெரிதாக மாறுவதில்லை. இகுவானாவின் அடுப்போ வீட்டுக்கு வெளியே, வெயிலில் இருக்கிறது. அந்தச் சூடு ஏறினால்தான் தின்ற இலை செரிக்கும், கால் ஓடும். ஏசி அறையில் அதற்கு வெயில் ஏது? கைக்கெட்டிய கதகதப்பு நீங்கள்தான். ஆகவே அது தோளில் ஏறுவது பெரும்பாலும் குளிர்காயத்தான். கேட்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

அடுத்தது ருசி பார்ப்பது. நாக்கை நீட்டி உங்கள் கையைத் தொடுகிறதே, அது முத்தமல்ல. தோலிலுள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் யாகப்சன் உறுப்பில் சேர்க்கிறது. அங்கிருந்து மூளைக்குச் செய்தி போகிறது.

பிறகு அஞ்சறைப் பெட்டி, அதாவது நினைவு. இந்த வாசனை வந்தால் கீரை வரும், அந்த வாசனை வந்தால் வாலைப் பிடித்து இழுப்பார்கள் என்று தனித்தனியாகச் சேர்ந்துவிடும். ஆக, உங்களை அதற்குத் தெரியும். பயமும் நாளடைவில் தணியும்.

சரி, விருப்பம் என்று ஒன்று உண்டா? உண்டு. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் மிஷேல் கபனாக்கும் சக ஆய்வாளரும் 1998இல் வெளியிட்ட சோதனை இது. இளம் இகுவானாக்களுக்குச் சூடான இடத்தில் வழக்கமான தீவனம், குளிரான மூலையில் லெட்டூஸ் கீரை. பட்டினி இல்லை; ஆனாலும் கீரைக்காகக் குளிருக்குள் போய்வந்தன. குளிர் கூடக்கூடப் போவது குறைந்தது. பசிக்காக அல்ல, ருசிக்காகப் போயிருக்கின்றன. 2000இல் வந்த இன்னொரு ஆய்வில், மென்மையாகக் கையில் எடுத்தபோது பல்லியினங்களின் இதயத் துடிப்பு ஏறியது, தவளைக்கு ஏறவில்லை. உள்ளே ஏதோ கொதிக்கிறது. அது மகிழ்ச்சியா பதற்றமா என்பதைத் துடிப்பு மட்டும் சொல்லாது.

துணையோடு ஒட்டிக்கொள்ளும் பல்லிகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஷிங்கிள்பேக் என்ற தடித்த அரணைகளை ஆய்வாளர் மைக்கேல் புல் 1982 முதல் பின்தொடர்ந்தார். ஆண்டுதோறும் வசந்தத்தில் பெரும்பாலும் பழைய ஜோடியே மறுபடி சேர்ந்தது. இகுவானா அப்படியல்ல, மண்ணில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும், குஞ்சை வளர்ப்பதில்லை. அதனால் நாய் காட்டும் பாசத்தை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பழக்கம், பயமின்மை, கொஞ்சம் விருப்பம்: இதற்கு மேல் நான் போக மாட்டேன்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. முதலில் அதன் அடுப்பை ஏற்றுங்கள்: கூண்டில் சுமார் 35 டிகிரி தரும் விளக்கும் புற ஊதா விளக்கும். பிறகு கதவைத் திறந்துவிடுங்கள். சூட்டை விட்டுவிட்டு உங்களிடம் வந்தால் தாராளமாகப் பெருமைப்படலாம். தலையை மேலும் கீழும் ஆட்டினால் கையை நீட்டாதீர்கள். அது பெரும்பாலும் ‘இது என் இடம்’ என்ற எச்சரிக்கை.

ஒன்று மறக்க வேண்டாம். இந்தியாவில் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இகுவானாவை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர் உடும்பை வளர்ப்பதோ சட்டப்படி குற்றம்.