டோக்கன் இருக்கிறது, கோப்பு எங்கே?

ஸ்கேன் செய்த பத்திரத்தின் பெயர் டேட்டாபேஸில் இருக்கிறது, திறக்கப் போனால் கோப்பு இல்லை என்கிறதே, எப்படி என்று பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் சொல்வது ஆரக்கிள் டேட்டாபேஸின் பி-ஃபைல் விவகாரம். 1997இல் ஆரக்கிள் 8உடன் வந்த டேட்டா வகை இது. கோப்பு சர்வரின் டிஸ்க்கில் தனியாகக் கிடக்கும். அட்டவணையில் இருப்பது ஒரு டைரக்டரியின் புனைபெயரும் கோப்பின் பெயரும் மட்டும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கிக்கொள்ளும் டோக்கன் மாதிரி. செருப்பைக் கண்ணால் பார்க்காமலே ஆரக்கிள் டோக்கன் கொடுப்பதுதான் வேடிக்கை! 'பி-ஃபைல்-நேம்' என்ற ஃபங்ஷனுக்கு இல்லாத கோப்பின் பெயரைக் கொடுங்கள், மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளும். இன்சர்ட் நடக்கும், கமிட்டும் நடக்கும். என்றோ ஒருநாள் 'ஃபைல்-ஓப்பன்' என்று கூப்பிடும்போதுதான் பிழைச் செய்தி. முன்கூட்டியே விசாரிக்க 'ஃபைல்-எக்ஸிஸ்ட்ஸ்' உண்டு: இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஓர் இரவு வேலையாக ஓட்டிவிடலாம். யார் ஓட்டுகிறார்கள்?

இந்த வழியில் கோப்பைப் படிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. ரோல்பேக் அதைத் தொடாது. டேட்டாபேஸை பேக்கப் எடுத்தாலும் கோப்பு கூட வராது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாராவது பழைய ஃபோல்டரை அழித்தால், அட்டவணைக்கு அந்தச் சேதியே தெரியாது.

பிறகு ஏன் வெளியே வைக்க வேண்டும்? டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரேயும் சகாக்களும் 2006இல் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் சோதித்துச் சொன்ன கணக்கு உண்டு: 256 கேபிக்குள் இருப்பதை டேட்டாபேஸில் வைப்பது மேல், 1 எம்பியைத் தாண்டினால் ஃபைல் சிஸ்டம் மேல். ஸ்கேன் படங்கள் பெரும்பாலும் இரண்டாம் ரகம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முன்னின்று நடத்திய டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவில் கதை தலைகீழ். லட்சக்கணக்கான நூல்களின் பக்கங்கள் படங்களாகப் பத்திரம், கோளாறு டோக்கனில். ரோமன் எழுத்தில் பதிந்த தலைப்புகளில் அத்தனை எழுத்துப்பிழை. ஸ்கேனருக்குச் செலவழிக்கிற நாம், தலைப்பைச் சரியாகத் தட்டச்சு செய்பவருக்குச் செலவழிப்பதில்லை. அந்த நூல்கள் இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன, பிழைகளும் கூடவே குடிபெயர்ந்து. பழைய தமிழ் நூல் ஒன்று வேண்டுமென்றால், தலைப்பைத் தப்புத் தப்பாகவும் அடித்துத் தேடிப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.