மகஜர் கிளம்புது, வழி விடுங்க!

ஒய்பியிடம், அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதியிடம், மகஜர் என்னும் கோரிக்கை மனுவைக் கொடுக்கும் படத்தை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். ஒரு கவர், நாலு சிரிப்பு, முடிந்தது. கொஞ்சம் பின்பக்கம் எட்டிப் பாருங்கள், அங்கேதான் அமர்க்களம்!

முந்தின ராத்திரி யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஊரே கூடிவிடும். "கூரை ஒழுகுறத முதல்ல எழுதுய்யா" என்று பெரியவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல, ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை மலாயில் தட்டிக்கொண்டே போகும். பெயர், ஐசி எண், கையெழுத்து. கையெழுத்து போடாத பாட்டிக்குக் கட்டைவிரல் மை. விடிந்ததும் போட்டோஸ்டாட் கடைக்கு ஓட்டம். ஒரு நகல் ஒய்பிக்கு. இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கான சாப், அதாவது முத்திரை, அடித்து வாங்கி வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். அந்தச் சாப் இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து, "என்ன ஆச்சு?" என்று தலைநிமிர்ந்து கேட்கலாம்!

யாரிடம் கொடுப்பது? உதாரணத்துக்கு, மலாக்காவின் லூபோக் சீனா இருப்பது மஸ்ஜித் தானா நாடாளுமன்றத் தொகுதியில். சம்பளம், குடியுரிமை என்றால் கோலாலம்பூரில் 222 பேர் உட்காரும் மக்களவைக்குப் போக வேண்டும். நிலம் மாநிலத்தின் கையில். அதற்கு 28 பேர் கொண்ட மலாக்கா சட்டமன்றம். தோட்டத்து வீட்டுப் பிரச்சினைக்கு இரண்டு கதவையும் தட்டியாக வேண்டும்.

மகஜரைச் சைக்கிளில் கொண்டுபோன கதை தெரியுமா? 2008 டிசம்பர் 3. ஒடுக்கப்பட்ட மக்களின் கூட்டமைப்பான ஜெரிட்டின் இளைஞர்கள் வடக்கே கெடாவிலிருந்து ஓர் அணி, தெற்கே ஜொகூரிலிருந்து ஓர் அணி என்று மிதிக்கத் தொடங்கினார்கள். வழியில் போலீஸ் மறித்தது, பிடித்தும் போனது. விட்டார்களா? மிதித்தார்கள்! டிசம்பர் 18, நாடாளுமன்றம். குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும், விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் இசா சட்டம் ஒழிய வேண்டும், வசதியான வீடு வேண்டும், ஊராட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

இசா 2012-இல் போனது. 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700. சைக்கிள் ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை, பலர் பல வருஷம் கத்தினார்கள். ஆனால் அந்தக் கத்தலில் இந்தப் பிள்ளைகளின் மணிச்சத்தமும் இருந்தது, எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது!

ஊராட்சித் தேர்தல் இன்னும் வரவில்லை. தோட்டத்து மக்கள் வீடு கேட்பதும் ஓயவில்லை. இந்த முறை யார் வீட்டுக் கூடம்?