லாடி குவாலி அம்மையார்

தேசங்களின் நாணய நோட்டுகளில் பெரும்பாலும் அரசர்களும் அரசியல் தலைவர்களுமே இடம் பெறுவர். நைஜீரியா தேசத்து 20 நைரா நோட்டின் பின்புறத்திலோ பானை வனையும் ஒரு மாதின் உருவம் இருக்கிறது. அவரே லாடி குவாலி அம்மையார். இக்கௌரவம் அவருக்குக் கிட்டிய வரலாறு அறியத்தக்கது.

1925-ம் வருஷத்தை ஒட்டிக் குவாலி கிராமத்தில் அவர் பிறந்தார். அவருடைய குவாரி இனத்தில் மட்பாண்டத் தொழில் மாதர்க்கு உரியது. சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறுபோல் திரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, கையால் அழுத்தி உயர்த்துவர். பானை நிலையாய் நிற்க, வனைபவர் அதைச் சுற்றி வருவார். ஈர மண்ணில் பல்லி, தேள், முதலை முதலிய உருவங்களைக் கீறுவர். பின்னர் வெட்டவெளியில் தீமூட்டிச் சுடுவர்.

அன்று அபூஜா என்றும் இன்று சுலேஜா என்றும் வழங்கும் ஊரில், எமீரின் அரண்மனையில், 1950-ல் மைக்கேல் கார்டியூ என்னும் ஆங்கிலக் குயவர் அம்மையாரின் பானைகளைக் கண்டு வியந்தார். காலனி சர்க்காரின் சார்பில் கார்டியூ அவ்வூரில் நிறுவிய பயிற்சி நிலையத்தில் 1954-ல் அம்மையார் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதற் பெண் அவரே. சக்கரத்தில் வனைதல், மெருகு பூசுதல், சூளையில் சுடுதல் ஆகியவற்றை அங்கே பயின்றார்.

வெள்ளைக்காரர் கண்ட பின்னரே அப்பானைகளுக்கு மதிப்பு உண்டாயிற்று என்று கூறுவாருளர். அது பொருந்தாது. கார்டியூ வருமுன்பே எமீர் அவற்றைத் தம் அரண்மனையில் வைத்திருந்தாரன்றோ? புதிய வித்தைகளைக் கற்ற அம்மையாரும் பழைய முறையைக் கைவிட்டாரில்லை. அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவை, கையாலேயே வனைந்து, மெருகு பூசி, சூளையிற் சுட்ட பானைகளே. 1958 முதல் லண்டன் நகரத்துக் காட்சிசாலையில் அவை வைக்கப்பட்டன. 1960-ல் நைஜீரியா சுதந்திரம் பெற்றது. 1977-ல் அஹ்மது பெல்லோ சர்வகலாசாலை அம்மையாருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1984-ல் அவர் காலமானார். பயிற்சி நிலையம் அவர் பெயரையே தாங்கியது.

இதில் நஷ்டமும் உண்டு என்பதை மறத்தலாகாது. மெருகிடாத மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. மெருகிட்ட பானைக்கு அக்குணம் இல்லை. தாகம் தீர்த்த பாண்டம் தனவந்தர் மாளிகையில் அலங்காரப் பொருளாயிற்று. கலைஞர் உயர்ந்தார், ஆயின், அவர் கலை பிறந்த வீட்டைவிட்டுச் சற்றே விலகியது.

நோட்டில் உருவம் அச்சிடுதல் சர்க்காரின் கடமை. அந்த நோட்டைக் கொடுத்துக் கிராமத்து மாதர் வனையும் பானையை வாங்குதல் ஜனங்களின் கடமை. பின்னதே அக்கலைக்கு உயிர் கொடுக்கும்.