தடுப்பணை வண்டலை அகற்ற சைபன் குழாய்

மதகில்லாத சிறு தடுப்பணையில் வண்டல் ஏற ஏறத் தேங்கும் நீர் குறையும். கரையை வெட்டாமல், எஞ்சினும் இல்லாமல், சைபன் குழாயால் வண்டலை வெளியேற்றலாம். அல்ஜீரியாவில் ஜிடியோயா அணையில் 1892-94 ஆண்டுகளிலேயே இதைச் செய்திருக்கிறார்கள்.

கெட்டியான பி.வி.சி. குழாய் தேவை, மெல்லிய ஹோஸ் சப்பிப் போகும். வெளிமுனை அணையின் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகம் கிடைக்கும். இரு முனைகளையும் அடைத்து, உச்சித் திறப்பில் நீர் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுங்கள். நீரில் மூழ்கிய உள்முனையை முதலில், வெளிமுனையைப் பிறகு திறக்க வேண்டும்.

குழாயைப் போட்டதும் அணை முழுதும் சுத்தமாகிவிடாது. வாயருகே உள்ள வண்டலை மட்டுமே அது இழுக்கும். கயிறு கட்டி வாயை நகர்த்திக்கொண்டே இருங்கள். சேற்றில் புதைந்தால் அடைத்துக்கொள்ளும். அணை நிரம்பி வழியும் நாட்களில் செய்தால் சேமித்த நீர் வீணாகாது. கலங்கல் நீரை வாய்க்காலில் விட்டு வயலுக்குப் பாய்ச்சலாம். மணலாக வந்தால் வேண்டாம்.