தூண்டிற்கோல் வளைவதேன்?

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட் என்னும் ஆறு பளிங்குபோல் தெளிந்தது. அதில் வாழும் டிரவுட் மீன் சிறு சலசலப்புக்கும் ஓடிவிடும். அதைப் பிடிக்க வீசுவது இறகால் கட்டிய பொய் ஈ. ஈக்குக் கனமில்லை, ஆகவே கனத்த தூண்டிற்கயிற்றையே வீசுகின்றனர்.

கயிறு பின்னே நீண்டதும் கோலை முன்னே வீச, அசைய மறுக்கும் கயிற்றின் பளுவால் கோல் வளைகிறது. கையைச் சட்டென நிறுத்தினால் கோல் நிமிர, கயிறு அதன் நுனியைத் தாண்டி வளையமிட்டுப் பாய்கிறது.

கோலும் ஒரு வில்லே என நாம் எண்ணியிருந்தோம். அளந்து பார்த்தவர்களோ, வேகத்தின் பெரும்பங்கு கோல் நெம்புகோலாகச் சுழல்வதாலேயே வருகிறதென்கின்றனர். பின் வளைவு எதற்கு? விறைத்த கோலின் நுனி வட்டப் பாதையிற் செல்லும். வளையும் கோலின் நுனி ஏறக்குறைய நேராகச் செல்லும். அதனால் வளையம் ஒடுங்குகிறது. ஈயும் மெல்லென நீரில் அமர்கிறது. மீன் ஏமாறுவது அப்போதுதான்.